‘நெக்லிஜென்ஸ்’ என்றால் வெறும் கவனக்குறைவுதானா? பொட்டிப்புரம், குரங்கணி சொல்லும் பாடம்

பொட்டிப்புரம் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது நியூட்ரினோ. தேனி மாவட்டத்தில் தேவாரத்துக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் இது. இங்குள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்கும் திட்டம், பத்தாண்டுகளுக்கும் மேலாக அறிவிப்பு, அனுமதி, தடை, வழக்கு என்று சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதே மலைத்தொடரில், போடிக்கு மேலே குரங்கணி இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இரண்டும் வேறு வேறு விவகாரங்கள். ஒன்றில் உயிர்ச்சேதம் நடந்துவிட்டது. இன்னொன்றில் மலையில் சுரங்கமே தோண்டப்படவில்லை. ஆனாலும் இரண்டைப் பற்றிய பேச்சிலும் ஒரு ஆங்கிலச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது: ‘நெக்லிஜென்ஸ்’. ‘அதிகாரிகளோட நெக்லிஜென்ஸ்’, ‘ஏற்பாடு செஞ்சவங்க நெக்லிஜென்ஸ்’ என்று டீக்கடை தொடங்கி தொலைக்காட்சி விவாதம் வரை எல்லாரும் சொல்கிறார்கள்.

இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? கவனக்குறைவு, அலட்சியம், மெத்தனம் என்று நாம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதெல்லாம் ஒன்றுதானா? ஒருவர் செய்ததை ‘நெக்லிஜென்ஸ்’ என்று நிரூபித்தால் என்ன கிடைக்கும், நிரூபிக்க முடியாவிட்டால் என்ன போகும்? தேனி மாவட்டத்தின் இந்த இரண்டு விவகாரங்களை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீன் மொழியில் ‘எடுக்காமல் விடுவது’ என்ற பொருள் தரும் வினைச்சொல்லிலிருந்து வந்தது ‘நெக்லிஜென்ஸ்’. எடுக்க வேண்டியதை எடுக்காமல் விடுவது, கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விடுவது என்பதே அடிப்படை. கெட்ட எண்ணம் இருந்ததா இல்லையா என்பது இந்தச் சொல்லுக்குள் இல்லை. ‘செய்ய வேண்டியது ஒன்று இருந்தது, அது செய்யப்படவில்லை’ என்பது மட்டுமே இருக்கிறது.

‘கேர்லெஸ்’ என்ற இன்னொரு சொல்லும் நம் பேச்சில் உண்டு. ‘ரொம்ப கேர்லெஸ்ஸா இருக்கான்’ என்றால் அது ஒருவரின் சுபாவத்தைப் பற்றிய பேச்சு. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பவர் கேர்லெஸ். அதற்காக அவர் மீது யாரும் வழக்குப் போட முடியாது. கேஸ் சிலிண்டர் கசிகிறது என்று புகார் வந்த பிறகும் ஆள் அனுப்பாத நிறுவனம் செய்வது நெக்லிஜென்ஸ். அங்கே ஒரு கடமை இருக்கிறது.

தமிழில் எத்தனை சொற்கள்?

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு எடை.

கவனக்குறைவு: எடை குறைந்த சொல். ‘கவனக்குறைவால் நேர்ந்த தவறு’ என்றால் பாதி மன்னிப்பு அதிலேயே வந்துவிடுகிறது. அதனால்தான் தவறு செய்த தரப்பு இந்தச் சொல்லையே விரும்புகிறது.

அலட்சியம்: எடை கூடிய சொல். தெரிந்தும் கண்டுகொள்ளவில்லை என்ற குற்றச்சாட்டு இதற்குள் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் இந்தச் சொல்லையே கையில் எடுக்கிறார்கள்.

மெத்தனம்: அரசு அலுவலகத்துக்கென்றே ஒதுக்கிய சொல் போல ஆகிவிட்டது. வேலை நடக்கும், ஆனால் காலத்தில் நடக்காது. ‘பணியில் மெத்தனம்’ என்பது பெரும்பாலும் மெமோ, சஸ்பெண்டு என்று துறைக்குள்ளேயே முடிந்துவிடும்.

அஜாக்கிரதை: போலீஸ் ஸ்டேஷன் தமிழ். விபத்து வழக்கின் எஃப்.ஐ.ஆரைப் படித்தவர்களுக்கு ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வாகனத்தை ஓட்டி வந்து’ என்ற வரி மனப்பாடமாகவே இருக்கும். சட்டத்தில் உள்ள ஆங்கிலச் சொற்களின் நிழல்தான் இந்த வரி.

குளறுபடி: கோப்பு, பட்டியல், நடைமுறை சார்ந்த தவறுக்கு. யார் செய்தது என்பதையே மறைத்துவிடும் சொல் இது. ‘குளறுபடி நடந்துவிட்டது’ என்றால் அது தானாகவே நடந்ததுபோல் இருக்கும்.

பேச்சுவழக்கில் ‘அசால்ட்டா இருந்துட்டாங்க’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அதே ஒலிப்புள்ள சொல்லுக்குத் தாக்குதல் என்று பொருள். சட்டப் புத்தகத்தில் அது தனிக் குற்றம். நம் பேச்சிலோ அது ‘சர்வசாதாரணமாக’ என்றாகிவிட்டது. புகார் மனுவில் இந்தச் சொல்லை எழுதினால் அர்த்தமே மாறிப்போகும்.

சட்டத் தமிழில் நெக்லிஜென்ஸுக்கு ‘கவனக்குறைவு’, ‘அசட்டை’, ‘அஜாக்கிரதை’ என்று பல சொற்கள் புழங்குகின்றன. இவை எல்லாமே ஒருவரின் மனநிலையைச் சுட்டுபவை. சட்டமோ முதலில் மனநிலையைக் கேட்பதில்லை, கடமையைத்தான் கேட்கிறது. குழப்பம் தொடங்கும் இடம் இதுதான்.

சட்டம் எதைப் பார்க்கிறது?

நவீன நெக்லிஜென்ஸ் சட்டத்துக்கு அடித்தளம் போட்டது ஒரு நத்தை. 1928-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு பெண், தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சி பானத்தைக் குடித்தார். மிச்சத்தை ஊற்றியபோது அழுகிய நத்தை விழுந்ததாகவும், அதனால் உடல்நலம் கெட்டதாகவும் வழக்குப் போட்டார். பாட்டிலை வாங்கியது தோழி என்பதால், அவருக்கும் தயாரிப்பாளருக்கும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. அப்படியிருக்க நிறுவனம் அவருக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும்? 1932-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை இதற்கு விடை சொன்னது. நம் செயலால் யார் பாதிக்கப்படுவார் என்று நியாயமாக முன்கூட்டியே யோசிக்க முடியுமோ, அவரிடம் நமக்குக் கடமை உண்டு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்திய நீதிமன்றங்களும் இதே வழியில்தான் போகின்றன. நான்கு கேள்விகள்:

1. எதிர்த்தரப்புக்கு இவரிடம் கடமை இருந்ததா?
2. சாதாரண விவேகமுள்ள ஒருவர் செய்திருக்கக்கூடியதை அவர் செய்யத் தவறினாரா?
3. உண்மையிலேயே பாதிப்பு ஏற்பட்டதா?
4. அந்தத் தவறுக்கும் இந்தப் பாதிப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டா?

நான்குக்கும் ‘ஆம்’ என்றால்தான் இழப்பீட்டு வழக்கு நிற்கும். ஒன்றில் தடுமாறினாலும் வழக்கு சரிந்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்தே ஒரு உதாரணம். 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்து இறந்தது. கைவிட்ட கிணற்றை எப்படி மூட வேண்டும், யார் கண்காணிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிகாட்டுதல்கள் கொடுத்திருந்தது. கடமை என்ன என்பது 9 ஆண்டுகளாக எழுத்திலேயே இருந்தது என்று அர்த்தம். இப்படிப்பட்ட இடத்தில் ‘யாருக்கும் தெரியாம நடந்துபோச்சு’ என்ற பதில் எடுபடாது.

இழப்பீடு வேறு, சிறை வேறு

ஒரே நெக்லிஜென்ஸ் இரண்டு வாசல்களில் நுழையலாம். சிவில் வாசலில் நுழைந்தால் பணம், அதாவது இழப்பீடு. கிரிமினல் வாசலில் நுழைந்தால் சிறை அல்லது அபராதம்.

சிவில் வழக்கில் ‘இப்படித்தான் நடந்திருக்கும்’ என்ற பக்கம் தராசு சாய்ந்தால் போதும். கிரிமினல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். விபத்து வழக்கில் ஓட்டுநர் விடுதலையாவதும், அதே விபத்துக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பணம் தரச் சொல்வதும் இதனால்தான். இரண்டும் முரண் இல்லை.

கிரிமினல் சட்டத்தில் இதற்கான பழைய எண் இ.பி.கோ. 304ஏ. 1870-ல் சேர்க்கப்பட்ட பிரிவு. அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 106-வது பிரிவு. அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டாக உயர்ந்திருக்கிறது. மருத்துவச் சிகிச்சையின்போது நேரும் மரணத்துக்குப் பதிவுபெற்ற மருத்துவர்கள் மீதான தண்டனை மட்டும் 2 ஆண்டிலேயே நிற்கிறது. மருத்துவர்களைப் பொறுத்தவரை, சாதாரணத் தவறு போதாது, ‘மிக மோசமான’ நெக்லிஜென்ஸ் இருந்தால்தான் கிரிமினல் வழக்கு என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இந்தப் பிரிவில் இரண்டு சொற்கள் ஜோடியாக வருகின்றன. ஒன்று, ஆபத்து தெரிந்தும் ‘பார்த்துக்கலாம்’ என்று துணிவது. இன்னொன்று, எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கையை எடுக்காமலே விடுவது. எஃப்.ஐ.ஆரில் வரும் ‘அதிவேகம்’ முதலாவதற்கும், ‘அஜாக்கிரதை’ இரண்டாவதற்கும்.

இந்தச் சொல்லுக்கு ஆபத்தான இன்னொரு முகமும் உண்டு. குற்றத்தின் எடையைக் குறைக்கவும் அது பயன்படும். போபால் அதற்குச் சாட்சி. 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். மரணம் விளையக்கூடும் என்று தெரிந்தே செய்த குற்றம் என்ற அடிப்படையில், 10 ஆண்டு வரை தண்டனை தரும் பிரிவில் வழக்கு நடந்துவந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் அதை 304ஏ என்று மாற்றியது. 2010 ஜூன் 7 அன்று தீர்ப்பு வந்தபோது, இந்திய அதிகாரிகளுக்குக் கிடைத்தது 2 ஆண்டுச் சிறைத் தண்டனை. அந்தப் பிரிவில் அதற்கு மேல் தர இடமில்லை. ‘நெக்லிஜென்ஸ்’ என்று பெயர் சூட்டிய அன்றே தண்டனையின் உச்சவரம்பு முடிவாகிவிட்டது.

ஆகவே, ஒரு பெரிய துயரத்துக்குப் பிறகு ‘இது நெக்லிஜென்ஸ்’ என்று ஒருவர் சொன்னால், அவர் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்றுதான் சொல்கிறார் என்று உடனே முடிவுக்கு வந்துவிட முடியாது.

குரங்கணி: யாருடைய கடமை?

குரங்கணித் தீ எழுப்பிய கேள்விகளை அந்த நான்கு கேள்விகளின் வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

பாதிப்பு பற்றிச் சந்தேகமே இல்லை. சிக்கல் முதல் இரண்டு கேள்விகளில். மலையேற்றத்துக்கு அழைத்துச் சென்றவர்களுக்கு, வந்தவர்களிடம் என்ன கடமை? கோடைத் தொடக்கத்தில் புல் காய்ந்து கிடக்கும் மலை என்று எச்சரித்திருக்க வேண்டுமா? தீ வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்லித் தர வேண்டுமா? காட்டுக்குள் ஆட்களை விடும் அதிகாரம் கையில் இருந்த வனத்துறைக்கு என்ன கடமை? அனுமதி எந்தப் பாதைக்கு, போனது எந்தப் பாதையில், அதைச் சரிபார்க்க வேண்டியவர் யார்?

அழைத்துச் செல்பவரின் கடமையைப் பற்றி இந்தியாவில் ஏற்கெனவே முன்மாதிரி இருக்கிறது. 1995-ல் பஞ்சாபிலிருந்து சுற்றுலா அழைத்துச் செல்லப்பட்ட பள்ளி மாணவர்கள் 14 பேர் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்தனர். உடன் சென்ற ஆசிரியர்களின் நெக்லிஜென்ஸுக்குப் பள்ளி நிர்வாகம் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் அங்கே இறந்தவர்கள் சிறார்கள். பெரியவர்கள் விரும்பியே ஆபத்தான பயணம் போகும்போது கேள்வி கொஞ்சம் மாறும். ‘தெரிஞ்சுதானே வந்தாங்க’ என்பது எதிர்த்தரப்பின் வழக்கமான வாதம். தெரிந்து வந்தது மலையேறும் களைப்பையும் வழுக்குப் பாறையையும். தீ பரவும் காட்டுக்குள் வழி தெரியாமல் நிற்பதை யாரும் ஏற்றுக்கொண்டு வரவில்லை என்பது அதற்கான பதில்.

குரங்கணிச் சம்பவத்தை விசாரிக்க, வருவாய் நிர்வாகத்தைக் கவனித்த மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ராவை அரசு நியமித்தது. அதே 2018-லேயே தமிழ்நாட்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் வந்தன. 2024-ல் வனத்துறையே பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் 40 பாதைகளில் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது.

விதிகள் வந்ததில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. 2018-க்கு முன்னால் ‘இதைச் செய்யணும்னு எங்கே எழுதியிருக்கு?’ என்று கேட்க முடிந்தது. இனிமேல் அப்படிக் கேட்க முடியாது. விதி எழுதப்பட்ட பிறகு அதை மீறுவது நெக்லிஜென்ஸை நிரூபிக்கும் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. ஒவ்வொரு துயரத்துக்குப் பிறகும் ‘விதி என்ன ஆச்சு?’ என்று மக்கள் கேட்பதன் பயன் அதுதான்.

பொட்டிப்புரம்: கோப்பில் நடந்தது என்ன?

இப்போது மலையின் இந்தப் பக்கம் வருவோம். நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் பார்க்கப்பட்ட இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி என்பதால் 2009-ல் அது கைவிடப்பட்டது. பிறகு தேனி மாவட்டம் தேர்வானது. 2011-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி கொடுத்தது. 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

திட்டம் இதுதான்: மலைக்குள் சுமார் 2 கி.மீ. நீளத்துக்குச் சுரங்கப்பாதை. அதன் முடிவில் 132 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம், 20 மீட்டர் உயரத்தில் ஒரு குகை. அதற்குள் 50,000 டன் காந்தமூட்டிய இரும்பால் ஆன கருவி. வெளியே எடுக்க வேண்டிய பாறை சுமார் 6 லட்சம் கன மீட்டர்.

2015 மார்ச்சில் ம.தி.மு.க. பொதுச்செயலாளர் வைகோ தொடர்ந்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் பணியைத் தொடங்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது.

2017 மார்ச் 20 அன்று தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதுதான் ‘நெக்லிஜென்ஸ்’ பேச்சுக்கு அடிப்படை. கேரளாவின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவிலிருந்து திட்ட இடம் 4.9 கி.மீ. தூரத்திலேயே இருக்கிறது. 5 கி.மீ. வரம்புக்குள் வந்தால் விதிப்படி அது ‘ஏ’ பிரிவுத் திட்டம். ஆனால் கோப்பில் கட்டுமானத் திட்டம் என்று ‘பி’ பிரிவில் வைக்கப்பட்டிருந்தது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரித்த கோவை சாலிம் அலி பறவையியல் மையத்துக்கு, அந்தப் பணிக்கான அங்கீகாரம் இல்லை. இவற்றைச் சுட்டிக்காட்டி, அனுமதியை நிறுத்திவைத்த தீர்ப்பாயம் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னது.

‘ஏ’யா ‘பி’யா என்பது வெறும் எழுத்து விஷயம் இல்லை. மக்கள் கருத்துக்கேட்பு வேண்டுமா, முழுமையான தாக்க ஆய்வு வேண்டுமா என்பதெல்லாம் அந்த எழுத்தில்தான் தொங்குகிறது. அடிவாரத்தில் மாடு மேய்ப்பவர், மானாவாரியில் விதைப்பவர், போர்வெல் தண்ணீரை நம்பியிருப்பவர் ஆகியோர் அதிகாரிகள் முன் நின்று பேசும் ஒரே வாய்ப்பு அந்தக் கருத்துக்கேட்புக் கூட்டம்.

அதன் பிறகும் கதை நேர்கோட்டில் போகவில்லை. இது தங்கள் அளவில் பரிசீலிக்கக்கூடியது இல்லை என்று மாநில அளவிலான ஆணையம் ஒதுங்கியது. மத்திய அமைச்சகம் ‘சிறப்பு நேர்வு’ என்று எடுத்துக்கொண்டு, மீண்டும் ‘பி’ பிரிவிலேயே வைத்து 2018 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. அதே ஆண்டு நவம்பர் 2 அன்று பசுமைத் தீர்ப்பாயத்தின் முதன்மை அமர்வு அந்த அனுமதியை ஏற்றது. ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2022 பிப்ரவரியில், பெரியாறு – மதிகெட்டான் புலி வழித்தடத்தைக் காரணம் காட்டி, திட்டத்தை அனுமதிக்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசே அங்கு மனுத் தாக்கல் செய்தது.

விஞ்ஞானிகள் தரப்பு என்ன?

இந்த விவகாரத்தில் விஞ்ஞானிகளின் வாதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நியூட்ரினோ இயற்கையாகவே சூரியனிலிருந்தும் வளிமண்டலத்திலிருந்தும் வரும் துகள். ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கில் நம் உடலை ஊடுருவிப் போகிறது, எதுவும் செய்வதில்லை. ஆய்வகம் அதை உற்பத்தி செய்யாது, கண்டறிய மட்டுமே செய்யும். மற்ற விண்வெளிக் கதிர்களை வடிகட்டத்தான் எல்லாப் பக்கமும் சுமார் 1 கி.மீ. பாறை தேவைப்படுகிறது. அணுக்கழிவு கொட்டப்போகிறார்கள் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

இந்தத் துறையில் இந்தியாவுக்குப் பெரிய வரலாறும் உண்டு. 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தில்தான் வளிமண்டல நியூட்ரினோ தடங்கள் உலகிலேயே முதன்முறையாகப் பதிவான ஆய்வுகளில் ஒன்று நடந்தது. பொட்டிப்புரம் தாமதமான காலத்தில் சீனா தன் ஜூனோ ஆய்வகத்தைக் கட்டி முடித்து, 2025-ல் ஆய்வையே தொடங்கிவிட்டது. தாமதத்தால் அறிவியலுக்கு இழப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கதிர்வீச்சு பயம் ஆதாரமற்றது என்பதால், பாறை வெடிப்பு, லாரிப் போக்குவரத்து, நிலத்தடி நீர், வனவிலங்கு வழித்தடம் பற்றிய கேள்விகளும் ஆதாரமற்றவை ஆகிவிடாது. இரண்டும் தனித்தனிக் கேள்விகள்.

அப்படியானால் பொட்டிப்புரத்தில் நடந்தது நெக்லிஜென்ஸா?

கண்டிப்பான சட்ட அர்த்தத்தில் பார்த்தால், இல்லை. நான்கு கேள்விகளில் மூன்றாவது இங்கே விழுந்துவிடுகிறது. மலை இன்னும் குடையப்படவில்லை; கிணறு வற்றவில்லை; யாருக்கும் காயம் இல்லை. பாதிப்பு இல்லாத இடத்தில் இழப்பீட்டு வழக்கு நிற்காது. பிரிவைத் தவறாகப் போட்டது நடைமுறைப் பிழை.

‘அப்போ பாதிப்பு வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?’ என்பது ஊர்க்காரர்களின் நியாயமான கேள்வி. வேண்டாம் என்பதுதான் சுற்றுச்சூழல் சட்டத்தின் பதில். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில், வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி விசாரித்த உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. சீர்செய்ய முடியாத கேடு வரலாம் என்ற நிலை இருந்தால், முழு அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. கேடு வராது என்று நிரூபிக்கும் சுமையும் திட்டத்தைக் கொண்டுவருபவர் தலையில்தான்.

அதாவது, நெக்லிஜென்ஸ் சட்டம் நடந்த பிறகு கணக்குக் கேட்கிறது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு நடக்கும் முன்னால் கணக்குக் கேட்கிறது. பொட்டிப்புரத்துக்குப் பொருந்துவது இரண்டாவது. அங்கே போய் ‘நெக்லிஜென்ஸ்’ என்று வாதாடினால் ‘யாருக்கு என்ன ஆச்சு?’ என்ற ஒரே கேள்வியில் வாதம் அடங்கிவிடும். ‘சட்டம் சொன்ன ஆய்வைச் செய்தீர்களா, சட்டம் சொன்னபடி மக்களைக் கேட்டீர்களா?’ என்று வாதாடினால் எதிர்த்தரப்பு பதில் சொல்லியே தீர வேண்டும். 2017-ல் வென்ற வாதம் அதுதான்.

இன்னொரு கோட்பாடும் இருக்கிறது. 1985-ல் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் நடந்த அமில வாயுக் கசிவுக்குப் பிறகு, 1986 எம்.சி. மேத்தா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ‘முழுப் பொறுப்பு’ என்பதைக் கொண்டுவந்தது. இயல்பிலேயே ஆபத்தான தொழில் நடத்துபவர், எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும், விபத்து நடந்தால் இழப்பீடு தந்தே ஆக வேண்டும். அங்கே நெக்லிஜென்ஸை நிரூபிக்கவே தேவையில்லை.

கருணைத் தொகையும் இழப்பீடும் ஒன்றா?

இல்லை. விபத்து நடந்ததும் அரசு அறிவிக்கும் நிவாரணம் கருணைத் தொகை. ‘தப்பு எங்க மேல’ என்று ஒப்புக்கொள்ளாமலே கொடுப்பது. இழப்பீடு என்பது கடமை தவறியதற்கான கடன். கருணைத் தொகையை வாங்கிக்கொண்டதாலேயே இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் முதல் காசோலையோடு நின்றுவிடுகின்றன. இது உதவி, அது உரிமை என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

சாதாரண மக்கள் கவனிக்க வேண்டியது என்ன?

மனுவிலோ புகாரிலோ ‘அலட்சியமாக நடந்துகொண்டார்கள்’ என்று மட்டும் எழுதினால் அது திட்டாகவே நிற்கும். யாருக்கு, எந்த விதிப்படி, என்ன கடமை இருந்தது என்று எழுதினால் அது வழக்காகும். ‘மின்கம்பி தாழ்வாகத் தொங்குகிறது’ என்று தேதி போட்டுக் கொடுத்த கடிதத்துக்கு ஒப்புகைச் சீட்டு இருந்தால், பின்னால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்தும் செய்யவில்லை என்பதை அந்த ஒரு காகிதமே நிரூபித்துவிடும். கடமை என்ன என்று தெரியாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

காலக்கெடுவும் முக்கியம். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். மருத்துவமனை, சேவை நிறுவனங்கள் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு. ‘பேசித் தீர்த்துக்கலாம்’ என்று சொல்லி நாளைக் கடத்துவது பல நேரங்களில் இந்தக் கெடு முடியட்டும் என்பதற்காகவே.

எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் அவ்வளவு இருக்கிறது. ‘கவனக்குறைவு’ என்றால் மன்னிப்பில் முடியும், ‘மெத்தனம்’ என்றால் மெமோவில் முடியும், ‘குளறுபடி’ என்றால் யாருமே பொறுப்பில்லை என்று முடியும். கடமையைப் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டினால் மட்டுமே பதில் சொல்ல ஒரு ஆள் வருவார். குரங்கணியில் அந்தக் கேள்வி 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகு எழுந்தது. பொட்டிப்புரத்தில் மலை அப்படியே நிற்கும்போதே எழுந்திருக்கிறது. திட்டம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும், அதற்குக் கோப்பில் முழுமையான பதில் வரும்வரை விடாமல் கேட்பதே இரு தரப்புக்கும் நல்லது.